ஐந்தாம் அத்தியாயம்: நிரலின் சரித்திரத்தைக் காப்பாற்றும் முறை

சென்ற அத்தியாயத்தில், புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடை ஒன்றில் விவசாயிக்குப் பட்டியல் போட்டுத் தருவதற்கான சிறு நிரலைப் பைத்தானில் எழுதி முடித்தோம். மூட்டைகளின் எடையையும் கிலோவின் விலையையும் கொடுத்தால், கமிஷனையும் இறக்கு கூலியையும் கழித்துக்கொண்டு, விவசாயியின் கைக்குச் சேர வேண்டிய தொகையை அது சொல்லிவிடும். நிரல் இன்று சரியாகவே ஓடுகிறது. ஆயினும், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத் தோட்டங்களிலிருந்து காய் வந்து இறங்கிக் கேரளத்துக்கு லாரி ஏறுகிற அந்தக் கடைவீதியில் எந்தக் கணக்கும் நெடுநாள் ஒரே விதமாக இருப்பதில்லை. கூலி உயரும், முன்பணம் பெற்றவரின் பட்டியலில் அதைக் கழித்துக் காட்ட வேண்டும் என்பார்கள், பெருங்காயையும் சிறுகாயையும் தனித்தனியே போடச் சொல்வார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரலைத் திருத்திக்கொண்டே போக வேண்டியதுதான். அவ்வாறு பல திருத்தங்கள் நிகழ்ந்த பிறகு, இரண்டு மாதத்துக்கு முந்திய பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு விவசாயி வந்து நிற்க, கடை அண்ணாச்சி உங்களைப் பார்த்து, "தம்பி, இந்தத் தொகை எப்படி வந்துச்சுன்னு இவருக்குக் கொஞ்சம் சொல்லு" என்று கேட்டால், அந்த நாளில் நிரல் எந்த நிலையில் இருந்தது என்பதை எடுத்துக் காட்டி விளக்கும் கடமை அதை எழுதிய உங்களுக்கு உண்டு.

அந்தக் கடமையை நிறைவேற்றுவதற்கு உதவும் சாதனமே பதிப்புக் கட்டுப்பாடு. பல பாடத்திட்டங்களில் இதை இறுதிக்கு ஒத்திப்போடுகிறார்கள்; உத்தியோகத்துக்குப் போன பிறகு கற்றுக்கொண்டால் போதும் என்பாரும் உளர். அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. முதல் நிரல் எழுதி முடிந்த அன்றைக்கே, தனி ஒருவராக இருக்கும்போதே இதைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். ஏனெனில், இதில் மனப்பாடம் செய்யவேண்டிய கட்டளைகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. செய்த மாற்றத்தை அதன் காரணத்தோடு எழுதி வைப்பது என்னும் பழக்கம்தான் கைவருவதற்கு நாளாகும். அந்தப் பழக்கம் சின்னஞ்சிறு நிரலில் படிந்தால்தான் பெரிய நிரலில் நிலைக்கும்.

இத்தகைய சாதனங்கள் புதியவை அல்ல. 1972-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் இதற்கென ஒரு மென்பொருளை ஆக்கினார். அதன் பின் பல வந்தன. இன்று உலகெங்கும் பெரும்பான்மையோர் கையாள்வது 'கிட்' என்பது. லினக்ஸ் கருநிரலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளின் உரிமம் 2005-இல் திரும்பப் பெறப்பட்டபோது, அவர் அவ்வாண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7-ஆம் தேதிக்குள் கிட்டின் நிரலை கிட்டே காத்துக்கொள்ளும் நிலை எய்திவிட்டது. சில மாதங்களில் அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் அவர் ஒப்படைத்தார். அச்சாதனம் ஒரு பைசாச் செலவின்றி நமக்குக் கிடைக்கிறது.

இனி, அதை நிறுவும் முறை. பள்ளியிலோ கல்லூரியிலோ அரசு வழங்கிய மடிக்கணினியே இதற்குத் தாராளமாகப் போதும். விண்டோஸ் உள்ளவர்கள் கிட்டின் அதிகாரபூர்வமான தளத்திலிருந்து 'கிட் ஃபார் விண்டோஸ்' என்பதைத் தரவிறக்கி நிறுவிக்கொள்ளலாம். 'கிட் பாஷ்' என்ற முனையமும் அதனுடன் சேர்ந்தே வரும். நிறுவும்போது அது கேட்கும் கேள்விகளுள் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் அது காட்டுகிற விடையையே ஒப்புக்கொள்ளலாம். அந்த ஒன்று, எந்தத் திருத்தி வேண்டும் என்பது. அது முன்மொழிகிற 'விம்' என்பதை ஏற்றுக்கொண்டால், புதியவர் அதற்குள் நுழைந்துவிட்டு வெளியே வர வழி தெரியாமல் திகைப்பார்; ஆகவே நோட்பேடையோ நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வேறு திருத்தியையோ தேர்ந்துகொள்ளுங்கள். உபுண்டு உள்ளவர்களுக்கு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கிட்' என்ற ஒரே வரியில் காரியம் முடிந்துவிடும். இந்நூலில் கட்டளைகளை அவற்றின் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

நிறுவியவுடன் உங்களை அதற்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். 'கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம்' என்று தட்டி, இடம் விட்டு, மேற்கோள் குறிக்குள் உங்கள் பெயரையும், அவ்வாறே 'யூசர்.ஈமெயில்' என்பதற்கு மின்னஞ்சலையும் கொடுங்கள். இவ்விரண்டும் நீங்கள் செய்யும் ஒவ்வொரு பதிவிலும் நிரந்தரமாகப் பொறிக்கப்படும். பின்னாளில் நிரலைப் பொதுவில் வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும். சொந்த முகவரியை வெளியிட விரும்பாதவர்களுக்கு கிட்ஹப் போன்ற ஸ்தாபனங்கள் மறைமுகவரி ஒன்றைத் தருகின்றன, அதைப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் மேலும் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஆங்கில நூல்களில் இதைப் பெரும்பாலும் காண முடியாது என்பதால் இங்கே சற்று விரித்துச் சொல்லுகிறேன். நம் நிரலின் கோப்புக்குப் 'பட்டியல்' என்று பெயர் வைத்துவிட்டு கிட்டிடம் நிலைமையைக் கேட்டால், அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 340, 256, 252 என்று தொடங்கி, சாய்கோடுகளுக்கிடையே மும்மூன்று இலக்கங்களாக ஒரு நீண்ட எண் வரிசை தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. யூனிகோடில் 'பட்டியல்' என்ற சொல்லில் மெய்க்குரிய புள்ளியும் இகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் எட்டுக் குறியீடுகள் உள்ளன. ஒவ்வொன்றும் கணினியில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த இருபத்து நான்கு பைட்டுகளையும் எண்ம முறையில், எட்டை அடியாகக் கொண்ட எண்களாக, கிட் எழுதிக் காட்டுகிறது. முதல் மூன்று எண்களும் சேர்ந்ததே 'ப' என்ற ஒரே எழுத்து. 'கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ்' என்று ஒரு தடவை தட்டிவிட்டால், பிறகு பெயர் தமிழிலேயே தெரியும்.

இப்போது பட்டியல் நிரல் இருக்கும் கோப்புறைக்குள் சென்று 'கிட் இனிட்' என்று தட்டுங்கள். அந்தக் கோப்புறைக்குள் கண்ணுக்குப் படாதபடி '.கிட்' என்ற உட்கோப்புறை ஒன்று உண்டாகும். நிரலின் சரித்திரம் முழுதும் வசிக்கப்போவது அங்கேதான். அதைத் தொடாதீர்கள், அழிக்காதீர்கள். அடுத்து 'கிட் ஸ்டேட்டஸ்'. ஐயம் வந்த போதெல்லாம், எந்தக் கட்டளைக்கும் முன்பாகவும் பின்பாகவும், இதைத் தட்டிப் பார்ப்பது நல்லது. இது எதையும் மாற்றாது. இருக்கிற நிலைமையைச் சொல்லும். பல சமயங்களில் மேலே செய்யத் தக்கது என்ன என்பதையும் சொல்லும்.

பதிவு செய்வது இரண்டு படிகளில் நடைபெறுகிறது. 'கிட் ஆட்' என்று கோப்பின் பெயரோடு தட்டினால், அக்கணத்தில் கோப்பு உள்ள வடிவம் பதிவுக்கென எடுத்து வைக்கப்படுகிறது. 'கிட் கமிட்' என்று தட்டினால், எடுத்து வைத்தவை எல்லாம் ஒரு பதிவாகச் சரித்திரத்தில் ஏறுகின்றன. இந்த இரட்டைப் படி எதற்கு என்று தொடக்கத்தில் எல்லோருக்கும் தோன்றுகிறது. அதன் பிரயோஜனம் இதுதான்: நீங்கள் ஒரே மாலைப் பொழுதில் இறக்கு கூலியையும் மாற்றியிருக்கலாம், வேறொரு கோப்பில் இருந்த எழுத்துப் பிழை ஒன்றையும் திருத்தியிருக்கலாம், சம்பந்தமில்லாத அந்த இரண்டையும் தனித்தனியே எடுத்து வைத்து, தனித்தனிப் பதிவுகளாகச் செய்ய இம்முறை இடம் கொடுக்கிறது. ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். 'ஆட்' செய்த பிறகு அதே கோப்பில் மேலும் ஏதேனும் மாற்றினால், அந்தப் பிந்திய மாற்றம் பதிவில் சேராது. மறுபடியும் 'ஆட்' செய்தால்தான் சேரும். ஆரம்ப காலத்துக் குழப்பங்களில் பெரும்பகுதி இதை மறப்பதனால் விளைவதே.

'ஆட்' செய்வதற்கு முன் 'கிட் டிஃப்' என்று தட்டிப் பாருங்கள். உதாரணத்துக்காகக் கூலியை மாற்றியிருக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், இவ்வாறு காட்டும்:

-இறக்கு_கூலி = 12
+இறக்கு_கூலி = 15

கழித்தல் குறியிட்டது போன வரி. கூட்டல் குறியிட்டது வந்த வரி. (பைத்தானின் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்று மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோம்.) மாற்றம் எங்கே, என்ன என்பதை இது துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஏன் என்பதை இது சொல்லாது. எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். 'கிட் கமிட்' என்று தட்டியதும் திறக்கும் திருத்தியில் எழுதும் குறிப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏற்பட்டது அதனாலேயே. 'மாற்றம்', 'சரி செய்தது', 'புதியது' என்றெல்லாம் ஒற்றைச் சொல் எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே அதனால் பயன் இராது. லினக்ஸ் கருநிரலில் பணிபுரிவோர் கடைப்பிடித்துவரும் வழக்கம் சிறந்தது: முதலில் சுருக்கமான ஒரு தலைப்பு வரி, பிறகு ஒரு வெற்று வரி, அதன் கீழ் காரணம். நம் உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

இறக்கு கூலியை மூட்டைக்கு 15 ரூபாயாக உயர்த்தியது

தை முதல் தேதியிலிருந்து கூலி உயர்வு; கடை அண்ணாச்சி நேரில் சொன்னது. அதற்கு முந்திய பட்டியல்களுக்கு 12 ரூபாயே பொருந்தும்.

இந்த மூன்று வரிகளை எழுத இரண்டு நிமிஷம் ஆகலாம். முன்பு சொன்ன விவசாயி வந்து கேட்கும்போது உங்களைக் காப்பாற்றுபவை இவையே. தமிழில் எழுதலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக எழுதலாம்; கிட்டுக்கு எல்லா மொழியும் ஒன்றே. உத்தியோக ஸ்தலங்களில் ஆங்கிலத்தில் எழுத நேரும்; ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லும் அப்பியாசத்தை, நீங்கள் சிந்திக்கிற மொழியிலேயே முதலில் பெறுவது நன்று.

பதிவுகளின் வரிசையை 'கிட் லாக்' காட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த நாற்பது இடங்கள் கொண்ட அடையாளம் ஒன்று இருக்கும். முதல் ஏழு இடங்களைச் சொன்னாலே சிறு திட்டங்களில் கிட் புரிந்துகொள்ளும். இந்த அடையாளம், பதிவின் உள்ளடக்கத்தையும் அதற்கு முந்திய பதிவின் அடையாளத்தையும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், பழைய பதிவு ஒன்றை யாரேனும் மாற்றினால் அதற்குப் பின் வந்த அத்தனை பதிவுகளின் அடையாளமும் மாறிப்போகும். ஒருவருக்கும் தெரியாமல் சரித்திரத்தைத் திருத்துவது அரிது. 'கிட் ஷோ' என்று தட்டி, இடம் விட்டு, அடையாளத்தையும், முக்காற்புள்ளியையும், கோப்பின் பெயரையும் இடைவெளியின்றிச் சேர்த்துத் தட்டினால், அந்த நாளில் கோப்பு இருந்த வடிவம் அப்படியே கண்முன் வரும்.

தவறு நேர்ந்தால் மீளும் வழிகள் பல. இன்னும் 'ஆட்' செய்யாத மாற்றத்தைக் கைவிட 'கிட் ரெஸ்டோர்'; பதிவாகிவிட்ட மாற்றத்தை எதிர்ப்பதிவு ஒன்றினால் நீக்க 'கிட் ரிவெர்ட்'. தொடக்கத்தில் இவ்விரண்டும் போதும். 'கிட் ரீசெட் --ஹார்ட்' என்ற கட்டளையைப் பலர் அவசரத்தில் சிபாரிசு செய்வார்கள். அது பதிவாகாத வேலையைக் கேள்வி கேட்காமல் அழித்துவிடும் ஆகையால், ஜாக்கிரதையாக இருங்கள். 'ரெஸ்டோர்' செய்ததும் பதிவாகாத மாற்றம் போனது போனதுதான். பதிவு செய்தது காணாமற்போனதாகத் தோன்றினாலோ, 'கிட் ரெஃப்லாக்' என்று தட்டிப் பார்த்து அதன் அடையாளத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கிட் தானாக ஒரு மாத காலமாவது அதை வைத்திருக்கும். ஆகவே அடிக்கடி பதிவு செய்பவருக்கு இழப்பு அனேகமாக இல்லை.

கடவுச்சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை எழுதிய கோப்பை ஒருபோதும் பதிவில் சேர்க்காதீர்கள். '.கிட்இக்னோர்' என்ற கோப்பில் அதன் பெயரை எழுதிவிட்டால் கிட் அதைக் கவனிக்காது. சேர்த்துப் பொதுவில் அனுப்பியும் ஆகிவிட்டதென்றால், அடுத்த பதிவில் அழிப்பதால் பயனில்லை, பழைய பதிவில் அது இருந்துகொண்டே இருக்கும். உடனே அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவதே வழி.

இதுவரை செய்தது எல்லாம் ஒரே கணினிக்குள் இருக்கிறது. அந்தக் கணினி பழுதானால் சரித்திரம் முழுதும் போயிற்று. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு அபாயம் என்பதற்குப் புளியங்குடிக்காரர்கள் தூரதேசத்தில் உதாரணம் தேட வேண்டாம். சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம் செல்லும் வழியில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர், பாண்டிய அரசர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த சுவடிகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் விசாரித்தபோது, சிதிலமான பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாக அவருக்கு விடை கிடைத்தது. அதில் என்னென்ன நூல்கள் இருந்தன என்று இனி எவரும் அறிய முடியாது. அவரே 1894-இல் புறநானூற்றைப் பதிப்பிக்க முடிந்ததும், பிரதிகளுக்கிடையே இருந்த பாடபேதங்களை ஒப்பிட்டுக் காட்ட முடிந்ததும், அந்நூலின் சுவடிகள் பல ஊர்களில் பலர் வீட்டில் பிழைத்திருந்த காரணத்தினால் அல்லவா?

கிட் இந்த அபாயத்தை நன்கு உணர்ந்து கட்டப்பட்டது. 'கிட் குளோன்' என்ற கட்டளையால் ஒருவர் பிரதி எடுக்கும்போது, இன்றைய நிரல் மட்டுமின்றி முதல் பதிவிலிருந்து சரித்திரம் முழுவதும் அவரிடம் போய்ச் சேருகிறது. ஒரு பிரதி அழிந்தாலும் மற்றதிலிருந்து அனைத்தையும் மீட்கலாம். இதற்கு இணையம்கூட வேண்டியதில்லை. ஒரு பென்டிரைவில் 'கிட் இனிட் --பேர்' என்று சரித்திரத்தை வைப்பதற்குரிய காலிக் களஞ்சியம் ஒன்றை உண்டாக்கி, 'கிட் ரிமோட் ஆட்' என்பதால் அதன் இடத்தை உங்கள் களஞ்சியத்துக்குத் தெரிவித்து, 'கிட் புஷ்' செய்துவிட்டால், முழுப் பிரதி ஒன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும். சங்கரன்கோவிலில் உள்ள நண்பர் அதை வாங்கிக் குளோன் செய்து, தம் பங்கை எழுதித் திருப்பித் தரலாம். இணைய இணைப்பு அடிக்கடி அறுபடும் இடங்களில் இருப்பவர்களுக்கு இதைக் காட்டிலும் சௌகரியமான முறை எனக்குத் தெரியவில்லை.

இணையத்தில் வைப்பதானால் கிட்ஹப், கிட்லேப் என்பவை பிரசித்தமானவை. 2008-இல் தொடங்கிய கிட்ஹப்பை 2018-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கிட் என்பது உங்கள் கணினியில் உள்ள சாதனம், கிட்ஹப் அதன் பிரதிகளை வைத்துக்கொள்ளும் ஒரு நிறுவனம். இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிவிடலாகாது. கிட்ஹப்பில் கணக்குக்குரிய கடவுச்சொல்லைக் கொடுத்துப் 'புஷ்' செய்யும் வழி 2021 ஆகஸ்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, 'எஸ்எஸ்ஹெச்-கீஜென்' என்ற கட்டளையால் ஒரு ஜோடிச் சாவி உண்டாக்கி, அதில் பொதுச் சாவியைக் கணக்கில் ஒட்டிவிடலாம்; '.பப்' என்று முடிவது பொதுச் சாவி, மற்றதை எவரிடமும் தரக்கூடாது.

இருவர் ஒரே வரியை மாற்றினால் என்ன ஆகும்? நீங்கள் கூலியை 15 என்றும், நண்பர் 14 என்றும் எழுதியிருந்தால், இரண்டையும் இணைக்கும்போது கிட் தானாக முடிவு செய்யாது. கோப்பிலேயே, இடப்பக்கம் நோக்கிய ஏழு கூர்முனைக் குறிகளுக்குக் கீழே உங்கள் வரியையும், ஏழு சமக் குறிகளுக்குக் கீழே நண்பரின் வரியையும், முடிவில் வலப்பக்கம் நோக்கிய ஏழு குறிகளையும் எழுதி வைத்து, உங்கள் தீர்மானத்துக்காக நிற்கும். புதியவர்கள் இதைக் கண்டு கலங்குகிறார்கள். கலங்குவதற்கு இதில் ஒன்றுமில்லை. சரியான வரியை மட்டும் வைத்துக்கொண்டு, குறிகளையெல்லாம் நீக்கி, 'ஆட்' செய்து 'கமிட்' செய்தால் முடிந்தது. ஆனால் எது சரி என்று தீர்மானிக்க, அவர் ஏன் 14 என்று எழுதினார் என்று தெரிய வேண்டும். அவருடைய பதிவுக் குறிப்பைப் படியுங்கள். அதில் இல்லையென்றால் தொலைபேசியில் கேளுங்கள். கேட்டு அறிந்ததை இணைப்புப் பதிவின் குறிப்பில் எழுதி வையுங்கள்.

கைப்பழக்கம் ஏற்பட்ட பின், பிறர் ஆக்கிய திட்டம் ஒன்றில் பங்கெடுப்பது மிகுந்த பயன் தரும். தமிழர்களுக்கு ஏற்ற ஒன்று 'ஓபன்-தமிழ்'. 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முதலியோர் பைத்தானில் வளர்த்துவரும் இந்நிரலகம் கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 'பட்டியல்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் எட்டு என்று சொல்லும். ஓபன்-தமிழிடம் கொடுத்தால், நாம் பள்ளியில் படித்தபடி ப, ட், டி, ய, ல் என்று ஐந்து எழுத்தாகப் பிரித்துத் தரும். அதைக் குளோன் செய்து, முதலில் ஒன்றும் எழுதாமல் 'கிட் லாக்' மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். எந்தக் கோப்பில் எந்த வரி எவரால் எப்போது வந்தது என்று 'கிட் பிளேம்' என்ற கட்டளையால் கேளுங்கள். பிறகு விளக்கக் குறிப்புகளில் பிழை ஏதேனும் கண்ணில் பட்டால், கிட்ஹப்பில் உங்கள் பெயரில் ஒரு பிரதி எடுத்து, அதைக் குளோன் செய்துகொண்டு, 'கிட் ஸ்விட்ச் -சி' என்பதால் தனிக் கிளை ஒன்றை, அதாவது மூல வரிசையைத் தொடாமல் பிரிந்து செல்லும் பதிவு வரிசை ஒன்றை, தொடங்கி, அந்த ஒரு பிழையை மாத்திரம் திருத்தி, காரணத்தோடு பதிவு செய்து, 'புஷ்' செய்து, இணைப்புக் கோரிக்கை அனுப்புங்கள். பராமரிப்பவர்கள் தம் ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறவர்கள் ஆதலால் பதில் வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். திருத்தம் கேட்டு எழுதினால், அதே கிளையில் இன்னொரு பதிவு செய்து 'புஷ்' செய்தால் போதும், கோரிக்கை தானே புதுப்பித்துக்கொள்ளும். அடுத்த அத்தியாயத்தில் பட்டியல் நிரலுக்குச் சோதனைகள் எழுதப் போகிறோம். அதற்குள் இங்கே கூறிய கட்டளைகளை அந்நிரலின் மீதே செய்து பார்த்திருங்கள்.